அழகுமீனாளின் முறை

நெட்டூரணி பேரூராட்சியின் தலைவர் பதவியைப் பெண்களுக்கென்று ஒதுக்கிய வருஷம், அதுவரை தலைவராக இருந்த சொர்ணலிங்கம் தன் மனைவி அழகுமீனாளைத் தேர்தலில் நிறுத்தி, அவளுக்காகத் தானே வீடு வீடாக ஓட்டுக் கேட்டு, அவளுக்காகத் தானே மாலை வாங்கி, அவள் பதவிப் பிரமாணம் எடுத்தபோது தானும் கூடவே உதட்டுக்குள் சொல்லி முடித்தார். அன்றிலிருந்து ஊரில் அழகுமீனாளைத் 'தலைவர்' என்றும் சொர்ணலிங்கத்தைத் 'தலைவர் ஐயா' என்றும் அழைத்தார்கள். இந்த வித்தியாசம் தெரியாத வெளியூர்க்காரர்கள் சிலர் மனுவைக் கொண்டுபோய் அழகுமீனாளிடமே நீட்டிவிட்டு, சுற்றி நிற்பவர்கள் சிரிப்பதைப் பார்த்துக் கையைத் திருப்பிக்கொள்வதும் உண்டு.

மன்றக் கூட்டத்தில் நடு நாற்காலியில் அழகுமீனாள் உட்காருவாள். பக்கத்தில், எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒரு நாற்காலியில் சொர்ணலிங்கம் உட்கார்ந்து, "தலைவர் சார்பில்" என்று ஆரம்பிப்பார். அவர் பேச்சு ஒரு தடவை கிளம்பிவிட்டால் நடுவில் மூச்சு விடுகிற இடம்கூட வராது. உறுப்பினர்கள் கையைத் தூக்கலாமா என்று யோசிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறி, போண்டாவும் வந்துவிடும். அழகுமீனாள் மேசைக்குக் கீழே, மடியில் ஒரு கேம் பெட்டியை வைத்து ஆடிக்கொண்டிருப்பாள்.

அந்தக் கேம் பெட்டி அவளுடைய தங்கச்சி மாப்பிள்ளை குவைத்திலிருந்து தன் மகனுக்கென்று வாங்கி வந்தது. அதில் ஓட முடியாது, சுட முடியாது, உட்கார்ந்து யோசிக்க மட்டும்தான் முடியும் என்று மகன் தரையில் புரண்டு அழுததால், அதைப் பெரியம்மா வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மத்தியானம் தூசி தட்டுகையில் அழகுமீனாள் அதன் பொத்தானை அமுக்கினாள். உள்ளங்கை அகலத் திரையில் ஒரு நாடே விரிந்தது. காடும் மலையும் ஆறுமாய், எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாய். இந்தப் பக்கம் நீல உடுப்பில் வில்லாளி, குதிரைக்காரன், நோஞ்சானாய் ஒரு வைத்தியக்காரி. அந்தப் பக்கம் சிவப்பு உடுப்பில் அரக்கர் படை, அதன் பின்னால் நெருப்பு கக்கும் பறவைநாகம், அதற்கும் பின்னால் எருமைக் கொம்பு வைத்த ஓர் அரக்க ராஜா. அவள் பதறிப்போய்ப் பெட்டியை மூடப் பார்த்தாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். ஓங்கிய கத்தியோடு அரக்கர்கள் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். அவள் நகர்த்தாத வரைக்கும் அவர்கள் நகரமாட்டார்கள்.

அவள் எழுந்துபோய் ரசத்தை இறக்கி வைத்தாள். மாடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தாள். திரும்பி வந்து பார்த்தபோதும் பறவைநாகம் திறந்த வாயோடு, கக்காத நெருப்போடு, அவள் முடிவுக்காகப் பணிவாகக் காத்திருந்தது. பிறந்த வீட்டில் அண்ணன்மார்களும், வந்த வீட்டில் மாமனார் தொட்டுச் சொர்ணலிங்கம் வரைக்கும் எல்லோரும் அவள் வாய் திறக்குமுன் அவளுக்கான பதிலைத் தாங்களே சொல்லிப் பழகியவர்கள். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில், 'உன் முறை, யோசித்துச் செய்' என்று அவளிடம் சொன்ன முதல் ஆள் அந்த அரக்க ராஜாதான். அவன்மேல் அவளுக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை அவள் கீழே வைக்கவில்லை. வைத்தியக்காரிக்குச் செல்லாயி என்று பேர் வைத்தாள். செல்லாயி செத்துப்போனால் சண்டை ஜெயித்திருந்தாலும் அதைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆடினாள்.

ஊருணியின் மேலக்கரையைத் தூர்த்து வணிக வளாகம் கட்டுவதென்று தீர்மானம் வந்த கூட்டத்தில்தான் அது நடந்தது. சொர்ணலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு "தலைவர் சார்பில்" என்றார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, உள்ளே நாக்கு இருந்தது, நாக்கின் நுனியில் 'ஒப்புதல்' என்ற சொல்லும் தயாராக இருந்தது. ஆனால் அது அவர் முறை இல்லை. செயல் அலுவலர் திரவியம் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தூக்கிய கை அப்படியே நின்றது. மின்விசிறிகூட ஒரு இறக்கையை முன்னால் நீட்டியபடி நின்றது. கண்ணும் மூச்சும் நினைப்பும் மட்டும்தான் எல்லோருக்கும் ஓடின. அத்தனை பேர் கண்ணும் நடு நாற்காலிமேல் இருந்தன.

அழகுமீனாள் மேசைக்கடியில் செல்லாயியைக் காட்டுக்குள் ஒளித்துவைப்பதா, கோட்டைக்குள் இழுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஊர் அவளுக்காக நெடுநேரம் காத்திருந்தது. வழக்கத்துக்கு மாறாகப் புருஷன் குரல் கேட்கவில்லையே என்று அவள் தலையைத் தூக்கி, எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு மிரண்டுபோய், "என்ன?" என்றாள்.

அவ்வளவுதான். அவள் முறை முடிந்துவிட்டது.

அடுத்து திரவியம் கண்ணாடியைத் துடைத்தார். அடுத்து, ஊருணித் தெருவின் உறுப்பினரும் அழகுமீனாளின் ஜென்மப் பகையாளியுமான முத்துராக்கு, தலைவர் தேர்தலில் தோற்ற ஆத்திரம், போண்டா கிடைக்காத ஆத்திரம் என்று வருஷக்கணக்கில் அடக்கி வைத்த ஆயிரம் பேச்சில் எதை எடுப்பது என்று தடுமாறி, கடைசியில் "எங்க தெரு சாக்கடையை எப்ப அள்ளுவீக?" என்று கேட்டுவிட்டு, கேட்ட மறுகணமே தலையில் அடித்துக்கொள்ள நினைத்தும் முறை இல்லாததால் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். சுற்றி வந்து முறை சொர்ணலிங்கத்திடம் நின்றது. நாக்கு நுனியில் காத்திருந்த சொல்லை அவர் துப்பினார். "ஒப்புதல்." தீர்மானம் நிறைவேறியது.

எதனால் இப்படி ஆயிற்று என்று நெட்டூரணியில் யாரும் ரொம்ப ஆராயவில்லை. மின்சாரம் நின்றால் பக்கத்து வீட்டிலும் நின்றிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்கிற ஊர் அது. முறை எல்லோருக்கும் வந்திருக்கிறது, எதிர்வீட்டுக்காரனுக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அமைதியாகிவிட்டார்கள். ஒரு காரியத்தில் எத்தனை பேர் கலந்திருக்கிறார்களோ அத்தனை பேருக்குள்ளும் முறை சுற்றியது. தன் முறைக்கு ஒருவர் ஓரிடத்துக்கு நகரலாம், ஒரு காரியம் செய்யலாம், கடைசியாக ஒரு வாக்கியம் பேசலாம். பிறகு மற்றவர்கள் முடிக்கும்வரை நிற்க வேண்டும். தும்மல் வருவது தெரிவதுபோலத் தன் முறை வருவது அவரவருக்கே தெரிந்தது. பால்கூடப் பொங்கி எழுந்து பாத்திர விளிம்பில் எட்டிப் பார்த்து நின்றது, அடுப்பை அணைக்க ஆள் வரட்டும் என்று.

காசிலிங்கம் டீக்கடையில் முதல் வாரம் ஒரு டீயும் ஓடவில்லை. உட்கார்ந்தவர்கள் டீயா காப்பியா என்று யோசித்துக்கொண்டே இருந்தார்கள். யோசிக்க நேரம் கிடைத்ததும்தான் தங்களுக்கு இரண்டுமே பிடிக்காது என்று சிலருக்குத் தெரிய வந்தது. அவர் 'வீட்டிலேயே யோசித்துவிட்டு வரவும்' என்று எழுதித் தொங்கவிட்டார். சந்தை வளைவில் மினி பஸ்ஸும் ஒரு வெள்ளாடும் நேருக்கு நேர் வந்து, முறை ஆட்டுக்கு விழுந்ததால், ஆடு முடிவெடுக்கும்வரை பயணிகள் அனைவரும் ஆட்டின் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அந்த வளைவில் வண்டி எதிலும் முட்டாமல் போனது அதுவே முதல் தடவை. மாமியார் மருமகள் சண்டைகள் மூன்றாவது சுற்றைத் தாண்டவில்லை. மற்றவள் சொன்னதைக் கடைசிவரை கேட்க வேண்டியிருந்ததும், கேட்டுவிட்டு யோசிக்க வேண்டியிருந்ததும் இரண்டு தரப்புக்குமே புதுசாக இருந்தது. கீழத்தெருவில் ஒரு வீட்டில் புருஷன் காலையில் கேட்ட கேள்விக்குப் பெண்டாட்டி பொழுது சாயும்வரை யோசித்து "சரி" என்றாள். அந்த மனுஷன் அன்றிலிருந்து பயந்துபோய் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை.

கொசுக்கள் மட்டும்தான் இதில் ஒழுங்காக லாபம் பார்த்தன. கடித்து முடித்த பிறகுதானே மனிதன் முறை.

ஊர் இதற்குப் பழகிய வேகத்தில் ஊரைச் சுற்றிய தொழில்களும் பழகின. ஜோசியர் ஒருவர் 'முறைப்பலன்' பார்க்க ஆரம்பித்தார். இரண்டு கட்சிக்காரர்கள் சேர்ந்து 'முறை மீட்பு முன்னணி' தொடங்கி, மறுநாளே யார் முதலில் பேசுவது என்பதில் பிரிந்து இரண்டு முன்னணிகளானார்கள்; இரண்டின் கூட்டமும் அதனதன் தலைவர் முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்ததால் இன்னும் முடியவில்லை. மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வந்த குழு ஊர் எல்லையில் ஒரு மாட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, தங்கள் முறை வந்ததும் வண்டியைத் திருப்பி, எல்லாம் சீராக உள்ளது என்று மேலே சொல்லிவிட்டது. டிவியில் இரவு விவாதம் பார்க்க மட்டும் ஊர்க்காரர்களால் முடியவில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கண்டு பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். "சீ, பிள்ளைங்க இருக்கிற வீட்டுல," என்று சானலை மாற்றச் சொல்லிவிட்டு, மாற்றுகிறவர் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

மெலிந்துபோனது சொர்ணலிங்கம் ஒருவர்தான். அவருடைய ஜீவனமே அடுத்தவர் முறையில் பேசுவதுதான். "புருஷன் முறையும் பெண்டாட்டி முறையும் ஒண்ணுதானே, சட்டத்துலயே இருக்கு," என்று திரவியத்திடம் வாதாடிப் பார்த்தார். திரவியம் நெடுநேரம் யோசித்து, "இருக்கலாம் ஐயா," என்றார். அடுத்த கூட்டத்தில் மனைவியின் முறைக்குள் புகுந்து பேச எழுந்தவர் பாதி எழுந்த நிலையில் நின்றுவிட, அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

வீட்டில் அழகுமீனாளும் சந்தோஷமாக இல்லை. "ஒரு 'என்ன'வுல ஊருணியைத் தொலைச்சிட்டேனே," என்று அவள் கேம் பெட்டியிடம் சொன்னாள். கேமில் செல்லாயி செத்தால் கலைத்துவிட்டு ஆரம்பிக்கலாம். இதைக் கலைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊர் முழுக்கக் குடிப்பது அந்த ஊருணித் தண்ணீர்தான். கரையில் ஊருணித் தெருப் பெண்கள் குடம் கழுவுகிற சத்தம் கேட்கிறபோதெல்லாம் அவள் பெட்டியை மூடிவைத்தாள்.

வேலை தொடங்குகிற நாளில் கான்ட்ராக்டர் நவநீதன் ஊருணிக் கரையில் பந்தல் போட்டு, சொர்ணலிங்கம் ஆள் உயரத்துக்கும் அழகுமீனாள் தபால்தலை அளவுக்கும் சிரிக்கிற பேனர் கட்டியிருந்தார். செம்மண்ணும் கட்டட இடிபாடும் நிரப்பிய டிப்பர் லாரி தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றது. தலைவர் தேங்காய் உடைக்க வேண்டும், உடைத்ததும் மண் விழ வேண்டும், அதைப் போட்டோ எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. டிரைவர் தன் முறைக்கு லாரியின் பெட்டியைத் தூக்கினார். அது சாய்ந்து உயர்ந்து, மண் சரியத் தொடங்கும் அந்த இடத்தில் நின்றது. ஒரு செங்கல் துண்டு விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கியது. "தலைவர் சார்பில்" என்று சொல்லத் திறந்த சொர்ணலிங்கத்தின் வாய் திறந்தபடியே இருந்தது. முறை சுற்றி அழகுமீனாளிடம் வந்திருந்தது. கையில் தேங்காய்.

அவள் யோசிக்க ஆரம்பித்தாள்.

கரையிலிருந்த யாராலும் நகர முடியவில்லை. வெயில் ஏறியது. பந்தலின் நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போயிற்று. இந்தக் காரியத்தில் கலக்காத காசிலிங்கம் கெட்டிலைத் தூக்கிவந்து, வாய் திறந்திருந்தவர்களுக்கு மட்டும் டீ ஊற்றினார். அந்த வகையில் சொர்ணலிங்கத்துக்கு இரண்டு டீ கிடைத்தது. நவநீதனின் கண்கள் கெஞ்சின, உருண்டன, மிரட்டின. அழகுமீனாள் அவசரப்படவில்லை. தேங்காயை உடைக்காமலே நின்றால் மண் விழாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அப்படி நின்றால் காலத்துக்கும் இந்தக் கரையில் எல்லோரும் சிலையாக நிற்க வேண்டியதுதான். 'வேண்டாம்' என்று ஒரு வாக்கியம் சொல்லலாம். சொன்னால் முறை சுற்றி நவநீதனிடம் போகும், தீர்மானம்தான் நிறைவேறிவிட்டதே என்று அவன் கொட்டிவிடுவான். அவள் கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் ஊருணி கட்டம் கட்டமாகத் தெரிந்தது. இத்தனை மாதமாக அவள் ஆடிய ஆட்டத்தில், எத்தனை பெரிய அரக்கனாக இருந்தாலும் ஆள் நிற்கிற கட்டத்துக்குள் கால் வைக்க முடியாது.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேங்காயை இடுக்கிக்கொண்டு, படியிறங்கி, தண்ணீருக்குள் நடந்து, தூக்கி நின்ற லாரிப் பெட்டிக்கு நேர் கீழே, தொங்கிய செங்கல் துண்டுக்கு அடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். நிமிர்ந்து பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு வாக்கியம் சொன்னாள்.

"நான் இங்கதான் நிப்பேன்."

முறை டிரைவருக்குப் போனது. அவர் மேலூர்க்காரர், சாதுவான மனுஷன். கண்ணாடியில் அவளைப் பார்த்தார். லாரியை விட்டு இறங்கி, சாவியை நவநீதனின் கையில் வைத்து, "நீங்களே கொட்டிக்கங்க சார்," என்றார்.

அடுத்த முறை திரவியத்துக்கு. அவர் பூவரச மரத்துக்குப் பின்னால் போய் நின்று, செல்போனில் யாரோ கூப்பிட்டதுபோல் காதில் வைத்துக்கொண்டார். மரத்துக்குப் பின்னால் நின்றால் அடி குறைவாக விழும் என்பது கேமில் செல்லாயியைக் காட்டுக்குள் ஒளித்துவைக்கிற அழகுமீனாளுக்கும் தெரியும்.

அதற்கடுத்து முத்துராக்கு. அவள் வாய் நிறையப் பேச்சிருந்தது. அழகுமீனாளைத் திட்டுவதற்கென்றே சேர்த்து வைத்த பேச்சு. இந்தத் தடவை அவள் அவசரப்படாமல் யோசித்தாள். பிறகு குடத்தைக் கரையில் வைத்துவிட்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து பகையாளியின் பக்கத்தில் தோளுரசி நின்றாள்.

"தள்ளி நில்லு தாயி, எனக்கும் எடம் வேணும்."

பிறகு முறை கூட்டத்துக்குள் போனது. பூக்காரி இறங்கினாள். ரேஷன் கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி, மணிக்கட்டுக் கடிகாரத்தைக் கழற்றி, இறங்கினார். முறை மீட்பு முன்னணியின் இரண்டு தலைவர்களும் யார் முன்னால் என்ற சிக்கல் இல்லாமல், முறைப்படி, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். நவநீதன் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பொழுது மேற்கே சாய்ந்தபோது மேலக்கரைத் தண்ணீரில் செங்கல் போடக்கூட இடமில்லை.

நவநீதனுக்கு முன்னால் முறை இருந்தது ஒருவருக்குத்தான். சொர்ணலிங்கத்துக்கு.

ஊரே அவரைப் பார்த்தது. அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். "தலைவர் சார்பில், எல்லாரும் மேல வாங்க" என்றால் பாதிப் பேராவது பழக்கதோஷத்தில் ஏறிவிடுவார்கள். நவநீதனின் கண்கள் 'அண்ணே, அண்ணே' என்று துடித்தன. சொர்ணலிங்கம் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசுவதற்கு முன்னால் யோசித்தார். யோசிக்கிற நேரத்தில் அவர் பார்வை எங்காவது இருக்க வேண்டுமே. அது மனைவிமேல் இருந்தது. இருபத்தைந்து வருஷமாக அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்ததில் அவளைப் பார்க்கத் தவறியிருந்தார். அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. குளிரில் அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் பாசி படிந்த படி ஒன்று தண்ணீருக்குள் இருப்பது அவருக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அவள் காலை இன்னும் அரை அடி பின்னால் வைத்தால் போதும்.

அவர் வாயைத் திறந்தார்.

"மீனா, பின்னால வழுக்கும், பாத்து நில்லு."

அத்தோடு அவர் முறை போயிற்று. தான் சொன்னது இதுவா என்று அவராலேயே நம்ப முடியவில்லை. நவநீதன் சாவியைப் பார்த்தார், தண்ணீரில் நின்ற தலைகளைப் பார்த்தார், பேனரில் சிரித்த சொர்ணலிங்கத்தைப் பார்த்தார். லாரியில் ஏறிப் பெட்டியை இறக்கினார். அந்தரத்தில் தொங்கிய செங்கல் துண்டு உள்ளே விழுந்து டங்கென்று சத்தம் போட்டது. லாரி போயிற்று.

முறை மறுபடியும் அழகுமீனாளிடம் வந்தது. காப்பாற்ற இப்போது ஒன்றும் இல்லை. அவள் என்ன சொன்னாலும் ஊர் கேட்கும். தீர்மானத்தை ரத்து செய்வாள் என்று திரவியம் மரத்துக்குப் பின்னாலிருந்து எதிர்பார்த்தார், நன்றி சொல்வாள் என்று பூக்காரி எதிர்பார்த்தாள். அதற்கெல்லாம் அடுத்த கூட்டத்தில் நேரமிருக்கிறது என்று அழகுமீனாள் நினைத்தாள். தனக்கு என்ன வேண்டும் என்று தன்னிடம் யாரும் கேட்டதில்லையே என்று, தானே கேட்டுப் பார்த்தாள். பதில் வருவதற்குக் கொஞ்ச நேரமாயிற்று. ஊர் காத்திருந்தது.

"என்னங்க," என்றாள் புருஷனைப் பார்த்து, "நீங்க போயி ஒலை வைங்க, நான் கொஞ்ச நேரம் தண்ணியில நின்னுட்டு வர்றேன்."

சொர்ணலிங்கம் வீட்டுக்கு நடந்தார். சமையலறைக்குள் போனார். பெரிய பானையில் தண்ணீர் பிடித்து அடுப்பைப் பற்றவைத்தார். ஊரில் எந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, எந்த வீட்டில் எத்தனை ஓட்டு இருக்கிறது என்று விரல்நுனியில் வைத்திருந்தவர், உலை கொதிக்கத் தொடங்கியபோதுதான், அலமாரியில் வரிசையாக நிற்கிற டப்பாக்களில் அரிசி எதில் இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்பதைக் கண்டார். ஒன்றைத் திறந்து பார்க்கலாம் என்று கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. இந்தக் காரியத்தில் கலந்தவர்கள் இரண்டே பேர், அவர் முறை முடிந்துவிட்டது. அடுத்த முறைக்கு உரியவள் ஊருணியில் இடுப்பளவு தண்ணீரில், முத்துராக்கு சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.